நம்ம ஊரில் முன்மாதிரி மனிதர்களே இல்லையா? (மலேசியா, பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் விவாத இழை)

வாசகர் கேள்வி, 2 ஆகஸ்ட் 2024

என் மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். தேசிய மாதப் பேச்சுப் போட்டிக்கு ‘அமைதிக்கும் பல்லின ஒற்றுமைக்கும் உழைத்த முன்மாதிரி மனிதர்’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் காந்தி, மண்டேலா, அன்னை தெரேசா என்றுதான் பேசப் போகிறார்கள். நம்முடையது ரப்பர் தோட்டத்து ஊர். இங்கிருந்து சொல்ல யாரும் இல்லை என்பதுதான் உண்மை. இருந்தால் சொல்லுங்கள்.

2 ஆகஸ்ட், இரவு

இருக்கிறார்கள் அக்கா. நானும் ஒரு டீச்சர்தான், தெரிந்ததை எழுதுகிறேன். முதல் ஆள் இதே ஊரில் பிறந்தவர். துன் வீ. தி. சம்பந்தன், 1919 ஜூன் 16, சுங்கை சிப்புட். ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர், அமைச்சர் என்பதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதை ஒப்பிக்க வைக்காதீர்கள். பிள்ளை பேச வேண்டியது தோட்டத் துண்டாடலைப் பற்றி.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் பெரிய தோட்டத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டம் துண்டானால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் (தோட்டத்து வரிசை வீடு) போகும், வீடு வேலையோடு ஒட்டியது. கோயில், பள்ளிக்கூடம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை எல்லாம் திடீரென்று யாரோ ஒருவருடைய நிலத்தில் நின்றுகொண்டிருக்கும். அந்த நேரத்தில்தான், 1960இல், சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு நூறு வெள்ளி (ரிங்கிட்), மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலும் கோயில் வாசலிலும் நின்று பேசினார்கள். முதலில் வாங்கிய தோட்டம் கெடாவில் இருக்கிற புக்கிட் சீடிம். ரப்பர் பால் வெட்டுகிறவரே தோட்டத்துக்குப் பங்குக்காரர் ஆனார்.

அன்றைக்குப் பத்து வெள்ளி என்பது பால்வெட்டுக் குடும்பத்துக்குச் சாதாரணக் காசு இல்லை. அதை நம்பிக் கொடுக்க வைத்தாரே, அதைச் சொல்லச் சொல்லுங்கள்.

3 ஆகஸ்ட்

அந்த ஜூன் 16 விஷயத்தை நேற்றே எழுதியிருக்க வேண்டும், தூக்கம் வந்துவிட்டது.

1948 ஜூன் 16. சம்பந்தனுக்கு அன்று 29 வயது முடிகிறது. அதே நாள் காலையில் எல்பில் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையும், பின் சூன் தோட்டத்தில் இரண்டு துரைமார்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதை வைத்துத்தான் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு எதிராக அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு வருஷம், நாடு முழுக்க அது நீடித்தது. ஆரம்பித்த இடம் நம்ம ஊர். வரலாற்றுப் புத்தகத்தில் சுங்கை சிப்புட் என்ற பெயரைத் தேடினால் இந்தக் கொலைகள்தான் முதலில் வரும். நம் பிள்ளைகள் அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டுறவுச் சங்கம் பிறந்ததும் அவசரகாலம் முடிந்ததும் ஒரே வருஷம் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

4 ஆகஸ்ட்

கோலகங்சார் அண்ணன் கேட்டிருக்கிறார்: “சம்பந்தன் செய்தது நம் ஆட்களுக்கு. இதில் அமைதி எங்கே, பல்லினம் எங்கே?”

அமைதி எங்கே என்பதற்கு எனக்குப் பதில் தெரியும். வீடும் வேலையும் ஒன்றாகப் பறிபோன குடும்பம் எங்கே போகும்? பட்டணத்து ஓரம், புறம்போக்கு, பலகை வீடு. அங்கே தண்ணிக் குழாய்க்கே சண்டை. அப்படிச் சிதறிப் போனவர்களின் பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்று நம் எல்லாருக்கும் சொந்தக்காரர்கள் வழியாகவே தெரியும். அந்தச் சிதறலைக் கொஞ்சமாவது தடுத்தவர் அமைதிக்கு உழைத்தவர்தான். 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு, 1972இல், தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சர் பொறுப்பும் அவரிடம்தான் வந்தது.

பல்லினம் எங்கே என்ற கேள்விக்கு அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தன் மக்களுக்காக நிற்பது பெரிய காரியம். ஆனால் தலைப்பு அதற்கும் மேலே ஒன்றைக் கேட்கிறது. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

6 ஆகஸ்ட்

அவசரகாலம் பற்றி எழுதியதும் பாட்டி சொன்னது ஞாபகம் வருகிறது. வெட்டுக்குப் போகும்போது கையில் ஒரு பிடி சோறுகூட எடுத்துப் போகக் கூடாது. காட்டில் இருக்கிறவர்களுக்குப் போய்விடும் என்று கேட்டிலேயே சோதனை. வாளியைத் திறந்து பார்ப்பார்கள், முந்தானையை உதறச் சொல்வார்கள். விடியற்காலை வெறும் வயிற்றோடு போய், பால் எடுத்து ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்துதான் சாப்பாடு.

சீனர்கள் பாடு இன்னும் மோசம். காட்டோரம் காய்கறி போட்டுப் பிழைத்தவர்களை லாரியில் ஏற்றி முள்வேலிக்குள் வைத்தார்கள். நாடு முழுக்க சுமார் ஐந்து லட்சம் பேர். ஜாலோங் பக்கம் போகிறவர்கள் பார்க்கிற புதுக்கிராமம் அப்படி உருவானதுதான். பாட்டி அந்த வேலியைப் பற்றிப் பேசும்போது ‘அவங்க’ என்று சொன்னதில்லை, ‘பாவம் அந்த ஜனங்க’ என்றுதான் சொல்வார். பயம் சூழ்ந்த காலத்தில் அடுத்த இனத்தைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை வருவது சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

7 ஆகஸ்ட்

வகுப்பில் இந்தப் பேச்சை எடுத்தேன். ஒரு பையன் எழுந்து, “டீச்சர், காந்தி நம்ம ஊருக்கு வந்து பள்ளிக்கூடம் கட்டினாரா?” என்றான். மகாத்மா காந்தி கலாசாலை இருக்கிறதே, கேட்பான்தானே! வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். காந்தி வரவில்லை கண்ணா, 1954இல் திறந்து வைக்க விஜயலட்சுமி பண்டிட் வந்தார் என்றேன். அவர் ஐ.நா. பொதுச்சபைக்குத் தலைவராக இருந்த முதல் பெண் என்று சொன்னதும் பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

9 ஆகஸ்ட்

யோசித்துவிட்டேன். அடுத்த இனத்துக்காக உயிரைப் பணயம் வைத்தவர் வேண்டுமென்றால் பாப்பான் என்ற ஊருக்குப் போங்கள். ஈப்போவைத் தாண்டி, பூசிங் பக்கம். இப்போது பாதி வீடுகளை ஆலமரம் விழுங்கிவிட்ட பழைய ஈயச் சுரங்க ஊர். மெயின் ரோடு 74ஆம் எண் கடைவீட்டில் சிபில் கார்த்திகேசு மருந்தகம் நடத்தினார்.

சுமத்ராவின் மேடானில் பிறந்தவர், யூரேசியர் (ஐரோப்பிய-ஆசியக் கலப்பினத்தவர்), தாதி. கணவர் டாக்டர் கார்த்திகேசு நம்மவர். கன்டனீஸ் சரளமாகப் பேசுவார். ஜப்பான்காரன் காலத்தில் ஈப்போவிலிருந்து பாப்பானுக்குக் குடிபோனார்கள். குண்டடி பட்டு ராத்திரியில் பின்வாசல் வழியாக வந்த, ஜப்பானை எதிர்த்த சீனப் போராளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். ஒளித்து வைத்த ரேடியோவில் பி.பி.சி. கேட்டுச் செய்தி சொன்னார். 1943இல் பிடிபட்டார். கெம்பேத்தாய் (ஜப்பானிய ராணுவப் போலீஸ்) என்ன செய்தது என்று முழுக்க எழுத மாட்டேன், இங்கே பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஒன்று மட்டும்: அவருடைய சின்ன மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டி, “பெயர்களைச் சொல்” என்றார்கள். சொல்லவில்லை. குழந்தை உயிர் பிழைத்தாள். தாய்க்கு முதுகெலும்பு போய்விட்டது. போர் முடிந்ததும் சிகிச்சைக்காக பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள், ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். 1948 ஜூன் 12இல் அங்கேயே இறந்தார். பிறகு உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். ஃபேர் பார்க்கில் அவர் பெயரில் சாலை இருக்கிறது, தினமும் எத்தனை பேர் அதில் போகிறோம்!

அவர் யாருடைய பெயரையெல்லாம் காட்டிக்கொடுக்கவில்லையோ, அவர்களில் அவருடைய இனத்துக்காரர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

10 ஆகஸ்ட்

எதிர்பார்த்த கேள்விதான் வந்திருக்கிறது. “அவர் வைத்தியம் பார்த்தது ஆயுதம் ஏந்தியவர்களுக்கு. அவர்களில் பலர் பிறகு காட்டுக்குப் போய் அவசரகாலத்தில் சண்டை போட்டார்கள். இது எப்படி அமைதிக்கான உழைப்பு?”

உண்மை. அவர் இறந்த நான்காம் நாள் நம்ம ஊரில் துப்பாக்கி வெடித்தது. அதை மறைக்க வேண்டாம். ஆனால் வாசலில் ரத்தத்தோடு வந்தவனிடம் ‘நாளைக்கு நீ என்ன செய்வாய்’ என்று எந்தத் தாதியும் கேட்க முடியாது. அவர் பொதுமக்களுக்கும் அதே மருந்தகத்தில்தான் வைத்தியம் பார்த்தார். காசு இல்லாதவரிடம் காசு கேட்கவில்லை. இந்தப் பக்கத்தைப் பிள்ளை பேசட்டும். போராளி அரசியலை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை மேல் ஏற்ற வேண்டாம்.

12 ஆகஸ்ட்

பெரிய பெயர்களாகவே போகிறது. பெயர் தெரியாதவர்களைப் பற்றியும் எழுத வேண்டும்.

எங்கள் தோட்டத்து முச்சந்தியில் ஒரு சீனத் தவுக்கே (முதலாளி) மளிகைக் கடை வைத்திருந்தார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கடன் கணக்கு எழுத ஒரு சின்ன 555 புத்தகம். கடைப் பலகைக்குப் பின்னால் ஆணியில் வரிசையாகத் தொங்கும். அவர் எழுதுவது சீன எழுத்து, நமக்குப் புரியாது. அதனால் பக்கத்தில் சின்னதாகப் படம் போடுவார். மீனுக்கு மீன், அரிசிக்கு ஒரு சாக்கு, மண்ணெண்ணெய்க்குப் போத்தல். அம்மா அந்தப் படங்களைத் தடவிப் பார்த்துக் கணக்குச் சரிபார்ப்பார். மரம் இலை கொட்டும் மாதங்களில் பால் இறங்காது, சம்பளம் பாதியாகிவிடும். அந்த மாதங்களில் புத்தகத்தில் படங்கள் கூடிக்கொண்டே போகும், அவர் ஒரு தடவைகூட ‘போதும்’ என்று சொன்னதில்லை. ஒரு தீபாவளிக்கு முன்னால் அம்மா கடன் கேட்கக் கூசி வாசலோடு திரும்பிவிட்டார். சாயங்காலம் எண்ணெயும் மாவும் சர்க்கரையும் சைக்கிளில் லயத்துக்கே வந்தது. புத்தகத்தில் அதற்குப் படம் இல்லை.

தோட்டத்து கிளினிக்குக்கு வாரம் ஒருமுறை வந்த மலாய் மிஸ்ஸியும் (தாதி) எனக்கு மறக்காது. கர்ப்பிணிகளிடம் பேசுவதற்காகவே தமிழ் கற்றுக்கொண்டார். ‘எங்க வலிக்குது, எத்தன நாளா, தூங்குனியா’ என்பதோடு தொடங்கி, கடைசியில் மாமியார் கதை கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார். ஆண் பிள்ளை பிறக்கவில்லை என்று முகத்தைத் திருப்பிய ஒரு புருஷனை அவர் தமிழிலேயே திட்டியது லயம் முழுக்கக் கேட்டது.

மேடை, மாலை, பதக்கம் எதுவும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

14 ஆகஸ்ட்

வந்த பரிந்துரைகளுக்குச் சுருக்கமாக.

ராசம்மா பூபாலன்: கட்டாயம் உண்டு. ஈப்போவில் பிறந்தவர். பதினாறு வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். பிறகு ஆசிரியை. 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தின் முதல் தலைவராகி, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கேட்டுப் போராடினார். நான் இன்று வாங்குகிற சம்பளத்தில் அவருக்கும் பங்கு இருக்கிறது.

டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ்: 2008 முதல் 2018 வரை நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர். நெஞ்சு நோய் மருத்துவர். தோட்டத் தொழிலாளர், பூர்வகுடியினர் என்று இனம் பார்க்காமல் அவர் அலைந்ததை எந்தக் கட்சிக்காரரும் மறுக்க மாட்டார். பள்ளிப் போட்டியில் தேர்தல் அரசியல் நுழையக் கூடாது என்பதால் மட்டும் வேறு பெயரை எடுக்கச் சொல்கிறேன்.

17 ஆகஸ்ட்

நான்கு நாளாக ஒரு பெயரை எழுதலாமா வேண்டாமா என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை.

ஐரீன் பெர்னாண்டஸ். 1946இல் சுங்கை பட்டாணியில் பிறந்தவர். ரப்பர் தோட்டத்து மேற்பார்வையாளர் மகள். ஆசிரியை வேலையை விட்டுவிட்டு நெசவாலைப் பெண்களுக்குச் சங்கம் அமைக்கப் போனார். 1991இல் தொழிலாளர் உரிமைக்கான தெனாகனித்தா அமைப்பைத் தொடங்கினார். தோட்டங்களில் மருந்து அடிக்கிற பெண்களுக்காக முதலில் சத்தமாகப் பேசியவர்களில் ஒருவர் அவர். பாராகுவாட் என்ற களைக்கொல்லி தெளித்து நகம் கழன்று, மூக்கில் ரத்தம் வந்து, கண் மங்கிப் போனவர்களைத் தேடிப்போய் எழுதிவைத்தார்கள். என் அம்மா ரப்பரிலிருந்து செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறிய பிறகு மருந்துக் கும்பலில்தான் இருந்தார். முதுகில் தகரம், முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. சாயங்காலம் அம்மாவின் விரல்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தப் பெண்மணியின் பெயர் வேறு மாதிரி ஒலிக்கிறது. அந்த மருந்துக்கு நாட்டில் முழுத் தடை 2020இல்தான் வந்தது.

இதுவரை எல்லாரும் சேர்ந்து கைதட்டுவோம். அடுத்தது இருக்கிறதே! 1995இல் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் தடுப்பு முகாம்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். முன்னூறுக்கும் மேற்பட்டவர்களிடம் பேசித் தயாரித்தது. அடி, பட்டினி, பெரிபெரி நோய், சாவு. 1996இல் பொய்ச் செய்தி வெளியிட்டதாகக் கைது செய்தார்கள். வழக்கு ஏழு வருஷம் இழுத்தது. 2003இல் ஒரு வருஷச் சிறைத் தண்டனை, மேல்முறையீடு. 2005இல் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது. மாற்று நோபல் என்பார்களே, அது. 2008 நவம்பரில்தான் விடுதலை. 2014இல் காலமானார்.

ஒரு தமிழருக்காகவோ மலேசியருக்காகவோ இல்லை. ஓட்டு இல்லாத, சங்கம் இல்லாத, பெயர்கூட யாருக்கும் தெரியாத வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளிக்காக வாழ்க்கையில் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் நீதிமன்றப் படியேறினார். பல்லினத்தை மதிப்பது என்றால் இதைவிட வேறென்ன?

18 ஆகஸ்ட்

கோபம் வந்துவிட்டது. “அவர்கள் வந்ததால்தான் தோட்டத்தில் நம் வேலை போனது. சம்பளம் ஏறாமல் போனது. அவர்களுக்காகப் பேசினவரை நாம் எதற்குக் கொண்டாட வேண்டும்?”

இந்த வலி பொய் இல்லை. என் மாமாக்கள் இருவரும் அப்படித்தான் வெளியே வந்தார்கள். ஆனால் அவர்களை வெளியேற்றியது பக்கத்து லயத்துக்கு வந்த பையன் இல்லை. மலிவாக ஆள் கிடைத்ததும் சம்பளத்தை இறுக்கிப் பிடித்தவர்கள் வேறு. நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் கங்காணி கூட்டிவந்த நம் ஆட்களை வைத்தும் இதே கணக்குத்தான் போட்டார்கள். கடன் வாங்கி வருவது, சம்பளத்தில் பிடித்தம், திரும்பிப் போக வழியில்லாமை, லயத்தில் ஆறடிக்கு ஆறடி. பாட்டியின் கதையை இன்று வங்காள மொழியில் சொன்னால் அந்தப் பையன் தன் கதை என்பான்.

போன வருஷம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நான் கண்ணால் பார்த்தது. அன்னதானப் பந்தியில் மூன்று வங்காளதேசத்துப் பையன்கள் தயங்கி நின்றார்கள். திருவிழாவுக்கு முதல் நாள் பந்தலுக்கு மூங்கில் தூக்கியவர்கள் அவர்கள்தான். ஒருவர், “இவனுங்களுக்கெல்லாம் எதுக்கு?” என்றார். பரிமாறிக்கொண்டிருந்த ஆயம்மா ஒருவர் பதிலே பேசாமல் மூன்று இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, “உக்காருப்பா” என்றார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. அவருக்கு ஐரீன் பெர்னாண்டஸ் யார் என்றே தெரிந்திருக்காது.

நமக்காக நின்றவரைக் கொண்டாடுகிறோம், சரி. நம்மைப் போல இன்று நிற்கிறவனுக்காக நின்றவரைக் கொண்டாடாவிட்டால், சம்பந்தனுக்கு மாலை போடும் கை எதற்கு?

20 ஆகஸ்ட்

இத்தனை எழுதியும் ஒரு கூட்டத்தை யாரும் குறிப்பிடவில்லை, நான் உட்பட. லாசா சாலை வழியாகப் பெத்தாய்க் காயும் டுரியான் பழமும் கொண்டுவந்து விற்கிற தெமியார் பூர்வகுடி மக்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று மூவினம் மூவினமாக மேடையில் பேசுகிறோம், இந்த மண்ணில் முதலில் இருந்தவர்களை எண்ணுவதே இல்லை. சந்தையில் அவர்களிடம் மட்டும் பாதி விலைக்குப் பேரம் பேசுவதையும் பார்க்கிறேன். அவர்கள் சார்பில் யார் முன்மாதிரி என்று நான் பட்டியல் போடுவது முறையாகாது. அந்தப் பக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறவர்கள் இங்கே இருந்தால், அங்குள்ள பிள்ளைகளையே கேட்டு எழுதுங்கள்.

23 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட அக்கா எழுதியிருக்கிறார்: மகள் எல்லாவற்றையும் படித்துவிட்டு ஐரீன் பெர்னாண்டஸைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். “அம்மா, அவங்க டீச்சரா இருந்தாங்களாம், விட்டுட்டுப் போனாங்களாம்” என்பதுதான் அவளைப் பிடித்துக்கொண்டதாம். கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது.

பேச்சுக்குச் சில யோசனை. மூன்று நிமிஷம்தான், பிறந்த வருஷம், விருதுப் பட்டியல் எல்லாம் ஒரே வரியில் முடியட்டும். ஏழு வருஷ வழக்கில் நிற்கட்டும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஏழு வருஷம் என்றால் என்ன தெரியுமா? நான்கு வயதில் தொடங்கி இன்றுவரை. அதை அவளே சொல்லட்டும். முகாமின் கொடுமைகளை விவரிக்க வேண்டாம், ‘சாப்பாடு இல்லாமல் நோயில் இறந்தார்கள்’ என்பது போதும். போட்டி நீதிபதிகள் முகம் சுளிப்பார்களோ என்று அக்கா கவலைப்படுகிறார். சுளித்தால் சுளிக்கட்டும். 2008இல் உயர் நீதிமன்றம் விடுவித்த ஒருவரைப் பற்றித்தான் பேசுகிறாள், தைரியமாகப் பேசட்டும்.

26 ஆகஸ்ட்

போட்டி முடிவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் வேறொன்று.

18ஆம் தேதி கோபமாக எழுதிய அந்தத் தம்பி ஒரு தோட்டத்தில் மண்டோராக (மேஸ்திரியாக) இருக்கிறார். நேற்று எனக்குத் தனியாக எழுதினார். அவருடைய கும்பலில் இருக்கிற வங்காளதேசத்துப் பையன்களிடம் முதல் தடவையாக உட்கார்ந்து பேசினாராம். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சம்பளச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது படித்துச் சொல்ல வேண்டும். மாதா மாதம் ஏதோ பிடிக்கிறார்கள், என்னவென்று தெரியவில்லை.

தம்பி, சீட்டில் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் மறைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும். அரசு நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் உண்டு. முதலில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, வேலை நாள் எத்தனை, ஓவர்டைம் தனியாகப் போட்டிருக்கிறதா என்று பார்ப்போம். பிடித்தம் ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதை எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். வங்காள மொழி தெரிந்தவர் இங்கே யாராவது இருந்தால் கை தூக்குங்கள். இந்த மாதச் சம்பளம் போடுவதற்குள் அவர்கள் கையில் பதில் இருக்க வேண்டும்.